ஊரின் பேரால் ஒரு மகஜர்

சென்னை மெரினாக் கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்னாத தமிழர்கள் குறைவு. சாலையை விட்டு இறங்கி அலையைத் தொடுவதற்குள் கால் வலி எடுத்துவிடும். அவ்வளவு மணல். அந்த மணல் ஆதிகாலந்தொட்டு அங்கே அப்படியே கிடக்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அதுவல்ல. அதில் பெரும் பகுதி, வியாபாரிகள் சிலர் கூடிச் சர்க்காருக்கு எழுதிக்கொண்ட மகஜர்களின் பலனாக வந்து சேர்ந்தது. மணல் வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது துறைமுகம். மணல் கொசுறு.

கொசுறு என்றால் நமக்கெல்லாம் பிரியந்தான். கறிவேப்பிலைக் கொத்து ஒன்று கூடுதலாக விழுந்தால் அன்றைய பொழுதே நல்ல பொழுதாகிவிடுகிறது. ஆனால் இந்தக் கொசுறுக்கு வேறு ஓர் இடத்தில் வேறு சிலர் விலை கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் மகஜர் எழுதினவர்கள் யார் என்று சொல்லவேண்டும்.

'சேம்பர் ஆப் காமர்ஸ்' என்று இங்கிலீஷில் பெயர். வர்த்தக சபை என்றும், வர்த்தக சங்கம் என்றும் தமிழில் சொல்லுகிறோம். எங்கள் பக்கத்தில் வெறுமே 'சேம்பர்' என்று சொன்னால் செங்கல் சூளை என்று அர்த்தம். "சேம்பர் வரைக்கும் போய் வருகிறேன்" என்று நான் ஒருநாள் வீட்டில் சொன்னபோது, "எத்தனை ஆயிரம் கல்?" என்று என் மனைவி கேட்டாள். மாடியில் ஓர் அறை எடுக்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாளைய மகஜர். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

சென்னையில் 1836-ம் வருஷம் செப்டம்பர் மாதம், பின்னி கம்பெனியின் காரியாலயத்தில் வெள்ளைக்கார வர்த்தகர்கள் கூடி ஒரு சபை ஏற்படுத்திக்கொண்டார்கள். முதல் தலைவர் அர்பத்நட் கம்பெனியைச் சேர்ந்தவர். ஒருவருக்கொருவர் போட்டியாக அவுரியும் பருத்தியும் தோலும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தவர்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. சென்னை பெரிய பட்டணந்தான்; ஆனால் அதற்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கரையிலிருந்து எட்டத்தில், நடுக்கடலில், நங்கூரம் பாய்ச்சி நிற்கும். இடையில் பொல்லாத அலை. அந்த அலையைத் தாண்டி மனிதரையும் மூட்டையையும் கொண்டு சேர்ப்பதற்கு மசூலாப் படகுகள் இருந்தன. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் மோதிப் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும். கடற்கரைக் குப்பங்களில் இருந்தவர்களின் கைத்தொழில் அது. கவர்னரானாலும் சரி, கவர்னரின் பியானோவானாலும் சரி, அவர்கள் தயவில்லாமல் சென்னை மண்ணை மிதிக்க முடியாது.

படகுக்காரர்கள் கூலி அதிகம் கேட்கிறார்கள், சாமான் நனைகிறது, ஆள் முழுகுகிறான் என்று வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் எழுதிவைத்தார்கள். கடலுக்குள் நீண்டு போகும் பாலம் ஒன்று வேண்டுமென்று வர்த்தக சபையார் சர்க்காரைக் கேட்டார்கள். 1859-ல் வேலை தொடங்கி 1861-ல் பாலம் வந்தது. ஆயிரத்து நூறு அடி நீளம். 1868-லும் 1872-லும் அடித்த புயல்கள் அதை உருக்குலைத்தன. பாலம் போதாது, துறைமுகமே வேண்டும் என்றாயிற்று. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கைகளைப்போலக் கல்லணைகளை நீட்டினார்கள். 1881 நவம்பரில் இன்னொரு புயல் வந்து அந்தக் கைகளை முறித்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்து வைத்த வாசல் சரிப்படவில்லை. 1904-ல் வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற எஞ்சினீயர் வாசலை வடகிழக்கே மாற்றினார். அதன் பிறகுதான் சென்னை, துறைமுகம் என்று சொல்லத்தக்க துறைமுகமாயிற்று.

ஒரு தலைமுறையில் முடிகிற காரியமா இது? கவர்னர்கள் ஐந்து வருஷத்தில் கப்பலேறிவிடுவார்கள். எஞ்சினீயருக்குப் பென்ஷன் வந்துவிடும். சபை மட்டும் அங்கேயே இருக்கும். முந்திய கடிதத்தின் நகலை இணைத்து அடுத்த கடிதம் எழுதும். வர்த்தக சபைகளின் பலம் பணத்தில் இருக்கிறது என்று சொல்லுவார்கள். எனக்கென்னவோ அது பீரோவில் இருக்கிறது என்று தோன்றுகிறது. பழைய கடிதத்தைத் தொலைக்காமல் வைத்திருப்பவனிடம் சர்க்காருக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு.

இப்போது கொசுறுக்கு வருகிறேன். நம்முடைய கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும் பகுதி அலைகள் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டு போகும். அதன் பாதையில் கல்லணை குறுக்கிட்டது. வந்த மணல் தெற்கே தங்கிவிட்டது, மெரினா அகன்றது. போகவேண்டிய மணல் வடக்கே போகவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் வரையில் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. 1856-ல் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் அது. அங்கே குப்பங்கள் உள்வாங்கின. கடலுக்கு அணையாகப் பாறாங்கல் கொட்டவேண்டி வந்தது. அந்தக் கற்களை இன்றைக்கும் பார்க்கலாம். தெற்கே கவர்னர் கிராண்ட் டஃப் மெரினா என்று பெயர் சூட்டி உலாவும் சாலை போட்டார். வடக்கே வலை உலர்த்த இடமில்லாமற் போயிற்று. படகுக்காரர்களுக்குத் தொழில் போனதோடு, அவர்களைப் போன்றவர்களின் குடிசை நின்ற மண்ணும் போனது.

துறைமுகம் கட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. துறைமுகம் இல்லாத சென்னையில் நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பிழைப்பே இருந்திராது. சபையார் சொன்னது மெய்யாயிற்று, பட்டணம் வளர்ந்தது. நான் கதை எழுதுகிறவன், கல்லூரிப் படியில் பாதிவரை ஏறித் திரும்பியவன். பொருளாதாரம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வார்த்தை. அந்த மகஜர்களில் ஒரு வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. இங்கிலீஷில் 'வி' என்று ஒரு சொல் உண்டு. தமிழில் அதற்கு இரண்டு சொற்கள்: 'நாம்', 'நாங்கள்'. கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டால் நாம்; அவனை வெளியே நிறுத்தினால் நாங்கள். "நாம் சாப்பிடலாம்" என்றால் உங்களுக்கும் இலை உண்டு. "நாங்கள் சாப்பிடுகிறோம்" என்றால் நீங்கள் திண்ணையில் காத்திருக்க வேண்டியதுதான். இங்கிலீஷ்காரனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. 'வி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அது பதினெட்டுப் பேரா, பட்டணம் முழுவதுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்தச் சொல்லின் சாமர்த்தியத்தைப் பார்க்க மாஞ்செஸ்டருக்குப் போகவேண்டும். அந்த ஊர் வர்த்தக சபை 1838 டிசம்பரில், தானியத்தின்மேல் போட்டிருந்த இறக்குமதி வரியை அடியோடு எடுக்கவேண்டும் என்று காப்டன் எழுதிய மகஜரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பிற்று. வரி இருந்தால் ரொட்டி விலை ஏறும், ரொட்டி விலை ஏறினால் தொழிலாளி கூலி அதிகம் கேட்பான், ஆலைக்காரருக்கு நஷ்டம். சுயநலம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஏழையின் ரொட்டியும் அதில் இருந்தது. 1846-ல் சட்டம் போயிற்று. அங்கே 'நாம்' என்று சொன்னது பெரும்பாலும் பொருந்திற்று.

அதே சபை 1874-ல் இன்னொரு மகஜர் எழுதிற்று. இந்தியாவில் இறங்கும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் போட்டிருக்கும் வரியை எடுக்கவேண்டும். ஏன்? அந்த வரியினால் இந்தியாவிலுள்ள பரம ஏழைகளின் உடுதுணி விலை ஏறுகிறதாம். அவர்களுடைய ஆரோக்கியத்துக்கும் சுகத்துக்கும் குந்தகம் வருகிறதாம். எவ்வளவு கருணை! சேலத்து நெசவாளியையும் பம்பாய் ஆலைக்காரரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மகஜரின் 'வி'க்குள் அவர்களுடைய வாடிக்கைக்காரர்களையெல்லாம் உட்கார வைத்தாயிற்று. இரண்டே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்து சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். கஜானாவில் பணமில்லை. அப்படியிருந்தும் 1879-ல் வைஸ்ராய் லிட்டன், தம் கவுன்சிலின் பெரும்பான்மையோர் வேண்டாமென்று சொன்னதைத் தள்ளிவிட்டு, முரட்டுத் துணிகளுக்கு வரி நீக்கினார். 1882-ல் பாக்கியும் போயிற்று. 1894-ல் பணமுடையினால் வரியைத் திரும்பப் போடவேண்டி வந்தபோது, லங்காஷயரைச் சமாதானப்படுத்த இந்திய ஆலைகளின்மேலும் வரி வைத்தார்கள். 1896 முதல் இந்திய ஆலைத் துணிக்கு நூற்றுக்கு மூன்றரை. அந்த மூன்றரையை இறக்கி வைக்க 1926 வரை ஆயிற்று.

ஊருக்கு வாதாடுவது என்றால் இதுதான். மாஞ்செஸ்டர் சபையை நான் வையமாட்டேன். அது தன் ஊருக்காக வாதாடிற்று. நமக்காக வாதாட அன்றைக்கு நம்மிடம் அப்படிப்பட்ட ஒரு பீரோ இல்லை, அவ்வளவுதான்.

பீரோ வாங்கியது பின்னால். 1906 அக்டோபரில் அர்பத்நட் கம்பெனி முறிந்தது. சபையின் முதல் தலைவரைக் கொடுத்த அதே பெயர்! விதவைகள் போட்ட பணம், பென்ஷன்காரர்கள் போட்ட பணம், கோயில் பணம் எல்லாம் அதில் முழுகின. நம்முடைய பணத்தை நாமே பார்த்துக்கொள்ளவேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் முனைந்தார்கள். 1907 ஆகஸ்டில் இந்தியன் பாங்கு திறந்தது. 1909-ல் தென்னிந்திய வர்த்தக சங்கம் ஏற்பட்டது. பிட்டி தியாகராய செட்டியார் முதல் தலைவர். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பம் அவருடையது. மாண்டேகு சீர்திருத்தத்துக்குப் பிறகு சட்டசபையில் வெள்ளைக்காரர் சபைக்கு இடம் இருந்ததுபோல் இந்தச் சங்கத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஒரே பட்டணத்தில் இரண்டு 'வி' ஆயிற்று. இரண்டும் இன்றுவரை இருக்கின்றன. இரண்டிலும் இப்போது நம்மவர்களே இருக்கிறார்கள்.

பெரிய ஊர்க் கதை போதும். எங்கள் ஊரிலும் ஒரு வர்த்தக சங்கம் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். மாடியில் ஒரு ஹால், முப்பது நாற்காலி, காலமான தலைவர்களின் படங்கள், இரண்டு இரும்பு பீரோ. காரியதரிசி பாத்திரக்கடை அண்ணாச்சி. அறுபத்தைந்து வயது. கடையை மகனிடம் விட்டுவிட்டு, காலையில் பத்து மணிக்கு மாடி ஏறினால் ஒரு மணிக்கு இறங்குவார். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு அது இங்கே விளைந்ததுதான் என்று சர்ட்டிபிகேட் கொடுப்பது, இரண்டு வியாபாரிகளுக்குள் கொடுக்கல் வாங்கல் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் பைசல் பண்ணுவது, புதிய வரிப் படிவம் வந்தால் ஆள் வைத்து விளக்கச் சொல்வது என்று அவருக்கு வேலை ஓயாது. ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷம் எழுதினார்கள். அந்த மகஜர்களின் நகல் ஒரு சாண் உயரம் இருக்கிறது. சரக்கு லாரி நிற்பதுதான் அவர்களுடைய கஷ்டம். ஆனால் பாலம் வந்த பிறகு முதலில் அதில் போனது பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணின் ஆட்டோ என்று அண்ணாச்சி பெருமையோடு சொல்லுவார். சொல்லட்டுமே. அது 'நாம்' தான்.

சென்ற வருஷம் அவர் எனக்குச் சொல்லியனுப்பினார். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கட்டப்போகிறார்கள். பஜார் செத்துப்போகும். அதை எதிர்த்து மகஜர்.

"தம்பி, நம்ம கணக்கப்பிள்ள எழுதினா கணக்குதான் இருக்கும். நீங்க நாலு வார்த்த உருக்கமா எழுதிக் கொடுங்க. படிச்சா கலெக்டருக்குக் கண்ணு கலங்கணும்."

"கலெக்டர் கண்ணு கலங்க யாரைச் சொல்லணும், அண்ணாச்சி? ஜவுளிக்கடையையா?"

"ஜவுளிக்கடையச் சொன்னா கலங்குமா? பூக்காரி, பழக்காரன், பொரிகடல விக்கிறவன், இவுங்கள எழுதுங்க. 'அன்றாடங்காய்ச்சிகள் வாழ்வு அழியும்'னு ஒரு வரி."

எழுதினேன். மாதிரிக்குப் பழைய மகஜர்களைப் பார்க்கவேண்டும் என்று பீரோவைத் திறந்து கட்டுகளைப் புரட்டினேன். மூன்று வருஷத்துக்கு முந்திய நகல் ஒன்று கைக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் உள்ள பூக்கடை, பழக்கடை, தள்ளுவண்டிகளைப் 'பொதுஜன நன்மையை முன்னிட்டு' உடனே அகற்றவேண்டும் என்று நகராட்சிக்கு எழுதியது. அதே முத்திரை. அதே அண்ணாச்சியின் கையெழுத்து.

அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் வாசித்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எழுதினது உண்மதான். வாடகையும் வரியும் கட்டுதவன் வாசலை மறிச்சா அவனும் சங்கத்துக்குத்தானே வந்து அழுவான்? பூக்காரி சந்தா கட்டலயே, தம்பி."

நேர்மையான பதில். சந்தா கட்டினவனுக்குத்தான் சங்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சந்தா கட்டாதவளின் கண்ணீரை மட்டும் கடனாக வாங்கிக்கொள்வதுதான் கொஞ்சம் உதைக்கிறது. "அப்படியானால் 'நாங்கள்' என்று எழுதிவிடுகிறேன், ஊர் என்ற வார்த்தை வேண்டாம்" என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. நாங்கள் என்றால் நூற்றுநாற்பது கடை. நூற்றுநாற்பது கடைக்காக யார் பஸ் ஸ்டாண்டை நிறுத்துவார்கள்? "கேட்டுட்டு எழுதினா தீர்ந்துபோச்சு" என்று அவரே கடைப் பையனைக் கீழே அனுப்பினார். பையன், வாசலில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். கையில் பாதி கட்டின சரத்தோடு நின்றபடியே கேட்டாள். நின்றபடியே பதிலும் சொன்னாள்.

"மழ வந்தா ஒங்க கடத் தாவாரத்துலதான் ஒதுங்குதேன், அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் சொன்னதில்ல. ஒங்க மகன் தண்ணியத் தெளிச்சு வெரட்டுவாரு. புது ஸ்டாண்டுல கூர இருக்காம்லா? கக்கூஸ் இருக்காம்லா? காலம்பற நாலு மணிக்கு வந்தா ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் நான் எங்க போவேன்னு நெனச்சிய? போகுத ஸ்டாண்டப் பிடிச்சு நிறுத்தி எனக்கு என்ன வரப்போவுது? அங்கன எனக்கு நாலடி எடம் எழுதிக் கேளுங்க."

ஹாலில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தந்தான் கேட்டது. மூன்றாவது வாக்கியத்தில் நான் மிக உருக்கமாக எழுதிவைத்திருந்த அன்றாடங்காய்ச்சி, கதாசிரியனைக் கேட்காமல் எழுந்து எதிர்க்கட்சிக்குப் போய்விட்டாள். நாவலில் இப்படி நடந்தால் எழுதுகிறவனுக்குக் கொண்டாட்டம். மகஜரில் நடந்தால் காரியதரிசிக்குத் திண்டாட்டம்.

"2014-ல நடைபாதை வியாபாரிகளுக்குச் சட்டம் வந்திருக்கு, அண்ணாச்சி. எங்கே கடை போடலாம்னு முடிவு பண்ணுற கமிட்டியிலே நூற்றுக்கு நாற்பது பேர் அவுங்க ஆளாவே இருக்கணும்" என்று நான் அறிந்ததைச் சொன்னேன். அண்ணாச்சிக்கும் அது தெரிந்திருந்தது. சட்டப் புத்தகமே பீரோவில் இருந்தது.

அன்று மத்தியானம் அவர் ஒரு மணிக்கு மாடியிறங்கவில்லை. மகஜர் இரண்டாகப் பிரிந்தது. முதல் பகுதி 'நாங்கள்': பஜாரில் கடை வைத்திருக்கும் இன்னின்னார், டவுன் பஸ்களாவது பழைய இடம்வரை வந்து போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவது பகுதி, புதிய நிலையத்தில் பூ, பழம் விற்பவர்களுக்குக் கூரையின்கீழ் இடம் ஒதுக்கவேண்டும், பெண்களுக்குக் கழிப்பிடம் ராத்திரி முழுவதும் திறந்திருக்கவேண்டும் என்பது. அதன் அடியில் அந்த அம்மாளும் இன்னும் பதினோரு பேரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். சங்கத்தின் கமிட்டிக் கூட்டத்தில் இது லேசில் நிறைவேறவில்லை. நம் லெட்டர் தலைப்பில் அவர்கள் கைநாட்டா என்று ஜவுளிக்கடைக்காரர் எழுந்து வெளியே போனதாகக் கேள்விப்பட்டேன். ஓட்டெடுப்பில் இரண்டு ஓட்டு அதிகம்.

'தங்கள் மனு பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது. அண்ணாச்சி அதை நகலோடு சேர்த்துக் குத்தி பீரோவில் வைத்துவிட்டார். அடுத்த மகஜரின் தலைப்பில் என்ன போடுவது என்று இப்போதே கேட்கிறார். 'முந்திய மகஜரின் தொடர்ச்சியாக' என்று போடச் சொல்லியிருக்கிறேன்.